வெறும் வயிறும் வயிற்றெரிச்சலும்

கொலஸ்ட்ரால் பார்க்க வருகிறவர்கள் இப்போது சாப்பிட்டுவிட்டே வரலாமாம். நான் வேலை பார்த்த லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கவிதா போனில் இதைச் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பொறாமைதான் வந்தது.

"அக்கா, டாக்டர்மாரே ஃபாஸ்டிங் வேண்டாம்னு எழுதிக் குடுத்துருதாவ. தோசையத் தின்னுட்டு வந்து கையை நீட்டுதாவ. ட்ரைகிளிசரைடு ரொம்ப ஏறியிருந்தா மட்டுந்தான் வெறும் வயித்துல திரும்ப வரச் சொல்லுதோம். உங்க காலத்துல எப்படி இருந்துச்சுன்னு எங்க லேப் டெக்னீஷியன் சங்க மலருக்கு எழுதித் தாங்களேன்" என்றாள்.

எப்படி இருந்தது என்றா கேட்கிறாய், மகராசி? உங்களைப் பார்த்து நோயாளிகள் சிரிக்கிறார்கள். என்னைப் பார்த்தால் வாயைத் துடைத்துக்கொள்வார்கள். "காபி குடிச்சீங்களா?" என்று கேட்டுக் கேட்டே என் காலம் போய்விட்டது. தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பதும் பரிசோதிப்பதும் என் வேலை. மதுரையில் படித்தேன், பாளையங்கோட்டையில் வேலை பழகினேன், கல்யாணமாகி இங்கே வந்தேன். அந்தக் கதையெல்லாம் இவ்வளவுதான்.

இளையவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கெட்ட கொழுப்பு என்று சொல்கிறோமே, அந்த எல்.டி.எல்.லை அன்றைக்கு நாங்கள் நேராக அளக்கவில்லை. மொத்தக் கொலஸ்ட்ரால், நல்ல கொழுப்பு, ட்ரைகிளிசரைடு மூன்றையும் அளந்து, கழித்துக் கணக்குப் போட்டுத்தான் அதை எடுப்போம். சாப்பிட்டவுடன் ட்ரைகிளிசரைடு என்கிற கொழுப்பு எகிறும். அது எகிறினால் கணக்கு முழுவதும் கோணிப்போகும். அதனால்தான் பன்னிரண்டு மணி நேரம் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்பது சட்டம். ரத்தம் உறைந்து, எந்திரத்தில் சுற்றி எடுத்தால் மேலே சீரம் என்கிற நீர் தெளிந்து நிற்கும். தெளிவாக மஞ்சளாக இருந்தால் ஆள் யோக்கியம். பால் விட்டது போல் கலங்கியிருந்தால் ராத்திரி புரோட்டாவும் கோழியும் உள்ளே போயிருக்கிறது என்று நான் முகத்துக்கு நேரே கேட்பேன்.

சீசன் வந்தால் இன்னும் மோசம். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நேரே வருவார்கள். "ஒண்ணுமே சாப்பிடலம்மா" என்பார்கள். சட்டையில் மிளகாய் பஜ்ஜி வாசம் தூக்கும். அருவித் தண்ணீரில் உடம்பு விறைத்து நரம்பு உள்ளே ஒளிந்திருக்கும். நான் தேடிக் குத்துவேன், கிடைக்காது, மறுபடி குத்துவேன். அவர்கள் என்னை முறைப்பார்கள், நான் அவர்களை முறைப்பேன்.

இந்த இடத்தில்தான் ஜீனத் வந்து சேர்ந்தாள்.

என்னைவிட வயதில் நன்றாக இளையவள். பிறந்த ஊர் கடையநல்லூர் பக்கம், வாழ்க்கைப்பட்டது வடகரை. வந்த முதல் வாரமே வெந்நீர் ஊற்றிய ஒரு பாட்டிலைத் துணியில் சுற்றி அருவிக்காரர் ஒருவர் கையில் கொடுத்தாள். "இத கொஞ்சம் பிடிச்சுக்கிட்டே இருங்க அண்ணாச்சி. அருவில கூட்டமா இன்னைக்கு?" என்று பேச்சுக் கொடுத்தாள். அவர் ஐந்தருவியில் கூட்டம், பழைய குற்றாலம் பரவாயில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் ரத்தம் குழாயில் இருந்தது. "எடுத்தாச்சா!" என்றார் அவர். எனக்கு அன்றைக்குப் பற்றியது, இன்றுவரை அணையவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் ஒரே பாட்டுத்தான். "ஜீனத் இல்லையா?" நான் ஊசியைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். "பரவாயில்ல, அவங்க வரட்டும், உக்காந்திருக்கேன்." வெறும் வயிற்றோடு, பசியோடு, அவளுக்காகக் காத்துக் கிடப்பார்கள். போதாததற்கு என் வீட்டுக்காரர் வேறு. சர்க்கரை பார்க்க வந்தவர் நேராக அவள் முன்னால் போய் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினார். வீட்டில் கேட்டதற்கு, "அந்தப் பிள்ளைக்குக் கை பூ மாதிரிட்டி" என்றார். அன்றைக்கு அவருக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை.

இதெல்லாம் கூடப் பொறுத்திருப்பேன். பெரிய டாக்டர் விஷயந்தான் பொறுக்க முடியவில்லை.

எங்கள் லேபின் தலைவர் அவர். வெறும் தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போடவே மாட்டார். ரிப்போர்ட்டைக் கொண்டுபோனால் "குழாய் எங்கே?" என்பார். குழாயை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்ப்பார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார். என்ன கேட்பார் என்று ஒருநாளும் ஊகிக்க முடியாது. "என்ன வேலை பாக்காரு?", "தனியா வந்தாரா?", "நடந்து வந்தாரா, ஆட்டோவா?" இப்படி ஏதாவது. பதில் பிடித்திருந்தால் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடுவார். பாராட்டு என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை வராது. ஆனால் ரொம்பப் பிடித்துவிட்டால் மேஜை டிராயரைத் திறந்து ஒரு கடலை மிட்டாய் எடுத்து நீட்டுவார். லேபில் அதுதான் பெரிய பட்டம். ஜீனத் வாங்கியதை எண்ணினால் எனக்குத்தான் கேவலம், அதனால் எண்ணவில்லை. நோன்பு மாதத்தில் அவள் பகலில் சாப்பிட மாட்டாள் என்று அந்த மிட்டாயைக் காகிதத்தில் மடித்துச் சாயந்தரத்துக்கு எடுத்து வைப்பார். அந்த மடிப்பைப் பார்க்கும்போது என் அடிவயிறு எரியும்.

எனக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு ஆள், வாசலில் நின்று, "பேச்சியம்மா அக்கா இருக்காங்களா?" என்று என்னைக் கேட்டு வர வேண்டும். அவ்வளவுதான்.

நோன்பும் சீசனும் சேர்ந்து வந்த ஒரு வருஷம், வடகரையிலிருந்து மீரான் என்று ஒருவர் காலையில் வந்தார். வளைகுடாவில் பெரிய டிரெய்லர் வண்டி ஓட்டுகிறவர். விடுப்பில் வந்திருந்தார். அங்கே கம்பெனி மருத்துவர் இவருடைய ரத்தத்தைப் பார்த்துவிட்டு, ஊரில் போய்க் கொழுப்பைக் குறைத்து ரிப்போர்ட்டோடு வா, இல்லாவிட்டால் கனரக வண்டியில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பெருநாள் முடிந்ததும் டிக்கெட். வீட்டில் உம்மா, மனைவி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். வண்டி போனால் எல்லாம் போச்சு.

"வெறும் வயிறா?" என்றேன்.

"நோன்புக்கா" என்றார், இதற்கு மேல் என்ன வேண்டும் என்கிற மாதிரி.

"சகர் எப்ப வச்சீங்க?"

விழித்தார். சகர் என்பது விடிவதற்கு முன்னால் சாப்பிடும் சாப்பாடு. நோன்பு வைத்திருப்பவர் காலையில் லேபுக்கு வந்தால் அது வெறும் வயிறே இல்லை. அப்போதுதான் சாப்பிட்டிருப்பார். ஊரில் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. "சாப்பிட்டு மூணு மணி நேரங்கூட ஆகலியே. நோன்பு முடிஞ்ச பெறவு வாங்க" என்று திருப்பி அனுப்பினேன். சட்டப்படி நான் செய்தது சரி. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

"பெருநாளுக்கு மறுநா ஃபிளைட்டுக்கா" என்று வாசலிலேயே நின்றார் அவர்.

உள்ளே குழாய்களைச் சுற்றப் போட்டுக்கொண்டிருந்த ஜீனத் எட்டிப் பார்த்தாள். "பேச்சிக்கா, சாயந்தரம் நோன்பு திறக்கதுக்கு முன்னால வரச் சொன்னா என்ன? அப்பப் பாத்தா பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல ஆயிருக்குமே. தண்ணிகூடக் குடிச்சிருக்க மாட்டாங்க."

எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் பள்ளிவாசல். வருஷா வருஷம் பாங்கு கேட்டுக்கொண்டே அடுப்பு மூட்டுகிறவள் நான். அந்த மாதம் முழுவதும் ஊரில் பாதிப் பேர் சாயந்தரம் சுத்தமான வெறும் வயிற்றோடு நடமாடுகிறார்கள். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? இவளுக்கு மட்டும் ஏன் தோன்ற வேண்டும்?

"ஃபாஸ்டிங்னா காலையிலதான். சாயந்தரம் மறுபடி கண்ட்ரோல் ஓட்டணும். யாரு ஓட்டுவா?" என்றேன். நோயாளியின் ரத்தத்துக்கு முன்னால், அளவு தெரிந்த ஒன்றை ஓட்டி எந்திரம் ஒழுங்காகச் சொல்கிறதா என்று சரிபார்ப்பதைத்தான் கண்ட்ரோல் என்போம். ஜீனத் நேராகப் பெரிய டாக்டர் அறைக்குப் போய்விட்டு வந்தாள். "சார் சரின்னுட்டாரு. அவரும் சாயந்தரம் வாராராம்" என்றாள்.

மதியம் தாண்டினால் லேப் பக்கமே தலை காட்டாத மனுஷர். எனக்காக ஒரு சாயந்தரம் வந்ததில்லை. அன்றைக்கு இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து உட்கார்ந்திருந்தார். நானும் வீட்டுக்குப் போகவில்லை. கண்ட்ரோலை நானே ஓட்டினேன். இவள் கை பட்டுத் தப்பாகிவிட்டால் பழி லேபுக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என்னை விட்டுவிட்டு அங்கே ஒன்று நடப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மீரான் வந்தார். ஜீனத் ரத்தம் எடுத்தாள். அவர் சட்டைக் கையை மடித்தபோது கையிலிருந்த வாட்ச் வழுக்கிக்கொண்டு முழங்கை வரைக்கும் போனது. சீரம் கண்ணாடி போலத் தெளிவாக நின்றது. ஜீனத் முகத்தில் சிரிப்பு. பிறகு எண்கள் வந்தன. ட்ரைகிளிசரைடு அழகாக இறங்கியிருந்தது. ஆனால் மொத்தக் கொலஸ்ட்ராலும் எல்.டி.எல்.லும் அவர் போனில் வைத்திருந்த பழைய ரிப்போர்ட்டைவிட மேலே நின்றன. நான் கண்ட்ரோலை மறுபடி ஓட்டினேன். எந்திரத்தில் குறை இல்லை.

பெரிய டாக்டர் குழாயை வாங்கி ஜன்னலுக்குத் தூக்கினார். வெளியே வெளிச்சம் மங்கியிருந்ததால் எழுந்துபோய் விளக்கடியில் பிடித்தார். "ஆளு எப்படி இருக்காரு?" என்றார்.

"நல்லாத்தான் இருக்காரு சார்" என்றாள் ஜீனத்.

"வாட்ச் முழங்கை வரைக்கும் ஓடுது சார்" என்றேன் நான்.

கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். பிறகு, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஜீனத்திடந்தான் சொன்னார். "போய் என்ன சாப்பிடுதாருன்னு கேட்டுட்டு வா." மீரான் அவள் புகுந்த வீட்டு ஊர்க்காரர், அவளிடந்தான் எல்லாரும் மனம் விட்டுப் பேசுவார்கள். நியாயந்தான். நியாயமாக இருந்தால் எரியாதா?

அவள் போய்விட்டு வந்தாள். "சகரும் நல்லாச் சாப்பிடுதாராம், ராத்திரியும் சாப்பிடுதாராம் சார்."

டாக்டர் பேனாவை எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "நீ ஒரு தடவை போ" என்றார்.

நான் வெளியே வந்தபோது பாங்கு சொல்லி முடிந்திருந்தது. மீரான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஜீனத் வீட்டிலிருந்து தூக்குவாளியில் கொண்டுவந்த நோன்புக் கஞ்சியை ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்திருந்தாள். ஒரு பேரீச்சம்பழக் கொட்டை அவர் கையில் இருந்தது. கஞ்சி டம்ளர் பெஞ்சுக்கு அடியில் நிறைய அப்படியே இருந்தது.

"கஞ்சிய ஏன் குடிக்கல?"

"குடிச்சேங்கா."

"டம்ளர் நிறைய இருக்கு. எங்கிட்டயே சொல்லுதீயளா?"

தலையைக் குனிந்துகொண்டார். சுற்றும் முற்றும் பார்த்தார். "உங்ககிட்டப் பொய் சொன்னா மறுபடி திருப்பி அனுப்பிருவீங்க. சொல்லிருதேன். நோன்பு தொடங்கினதுல இருந்து சகர் வைக்கிறதே இல்லக்கா. உம்மா எழுந்திருச்சு ஆக்கி வைக்கிறாங்க. கொல்லைக்கு எடுத்துட்டுப் போயி கோழிக்குப் போட்டிருதேன். நோன்பு திறக்கும்போது ஒரு பழம், கொஞ்சம் தண்ணி. நோன்பு இருந்தா கொழுப்பு எறங்கும்னு சொன்னாங்க. அப்ப இன்னும் கொறச்சா இன்னும் எறங்குமில்லையா?"

"அப்ப இன்னைக்குக் காலைல?"

"இன்னைக்கும் கோழிக்குத்தான்."

"இத ஏன் ஜீனத்கிட்டச் சொல்லல?"

"அவங்க மாமியாரும் எங்க உம்மாவும் ஒரே தெருக்கா. பேச்சு வீட்டுக்குப் போயிரும். உம்மா தாங்க மாட்டாங்க." அப்புறம் அவருக்கு அழுகை வந்துவிட்டது. டிரெய்லர் ஓட்டுகிற மனுஷர், லேப் பெஞ்சில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு எங்கள் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. பண்பொழி மலைக் கோயிலுக்குக் கந்த சஷ்டி விரதம் என்று அவர் ஒரு வருஷம் தண்ணீரும் பழமுமாகக் கிடந்து மயங்கி விழுந்திருக்கிறார். டம்ளரை எடுத்து மீரான் கையில் கொடுத்து, "மொதல்ல இதக் குடிங்க. குடிக்காம இந்த எடத்த விட்டு எழுந்திரிக்கப்படாது" என்றேன். நான் மிரட்டியதற்கு ஒருவர் கட்டுப்பட்டுச் சாப்பிட்டது வேலையில் அதுதான் முதல் தடவை. அதுவரை சாப்பிடாதே என்றுதானே மிரட்டியிருந்தேன்.

உள்ளே போய்ச் சொன்னேன். டாக்டர் தலையாட்டினார். மீரானை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். "தம்பி, நோன்பு வேற, பட்டினி வேற. நீங்க கெடக்கிறது பட்டினி. உடம்பு இப்ப தன்கிட்ட இருக்கிற கொழுப்ப எடுத்து எரிக்குது. அது ரத்தம் வழியாத்தான போவணும்? சில பேருக்கு இப்படி ஏத்திக் காட்டும். நோன்ப நல்லா வைங்க, ஆனா சகர விடாதீங்க. எண்ணெயில பொரிச்சத விடுங்க, கஞ்சிய விடாதீங்க. பெருநாள் முடிஞ்சு, நாலு வாரம் வழக்கம்போலச் சாப்பிட்டு, அப்புறம் வந்து குடுங்க."

"அதுக்குள்ள வேலை போயிருமே சார். எறங்கின நம்பர மட்டும் எழுதித் தர முடியாதா?"

"வந்த நம்பரத்தான் எழுதுவேன். ஆனா ஏன் இப்படி வந்துச்சுன்னும் எழுதுவேன்" என்றார். அன்றைக்கு அவர் எழுதிய அளவுக்கு நீளமாக எந்த ரிப்போர்ட்டிலும் எழுதி நான் பார்த்ததில்லை. அதைக் கம்பெனிக்கு அனுப்பி மீரான் விடுப்பை நீட்டிக் கேட்டார். பதில் வருகிறவரை அந்த வீட்டில் பெருநாள் பெருநாளாக இருந்திருக்காது. கடைசியில் விடுப்புக் கிடைத்தது.

அவர் போனதும் டாக்டர் டிராயரைத் திறந்தார். ஒரு கடலை மிட்டாயை எடுத்து என்னிடம் நீட்டினார். வாங்கினேன். உடனே இன்னொன்றை எடுத்து, "சாயந்தரம் எடுக்கலாம்னு சொன்னது நீதான" என்று ஜீனத்திடமும் நீட்டினார். அவள் சிரித்தாள். "எனக்கு வேண்டாம் சார், இன்னைக்குப் பேச்சிக்காதான் கண்டுபிடிச்சாங்க. இதையும் அவங்களுக்கே குடுங்க" என்று தன்னுடையதையும் என் கையில் வைத்தாள். பட்டத்தைத் தூக்கிக் கொடுக்கிற அளவுக்கு இருக்கிறதே அவளிடம்! அந்தத் தாராளத்தின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. இரண்டு மிட்டாயையும் வீட்டுக்குக் கொண்டுபோய் யாருக்கும் கொடுக்காமல் நானே தின்றேன்.

மீரான் சொன்னபடி வந்து, காலையில் முறையான வெறும் வயிற்றில் கொடுத்தார். எல்.டி.எல். இறங்கியிருந்தது. முழுதாக இல்லை, ஒரு மாத்திரையும் சேர்த்துப் போட வேண்டியிருந்தது. ஆனால் கம்பெனிக்கு அது போதும். வண்டி ஏறினார். அடுத்த விடுப்பில் வந்தபோது ஜீனத்துக்கு ஒரு சென்ட் பாட்டில் கொண்டுவந்தார், எனக்குக் கோடாலித் தைலம். அந்த வருஷத்திலிருந்து நோன்பு மாதத்தில் சாயந்தரம் ரத்தம் எடுப்பது லேபில் வழக்கமாகிவிட்டது. ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பேர் 'ஜீனத் டைம்'. கண்ட்ரோல் ஓட்டியது நான், டைம் மட்டும் அவளுக்கு.

நான் ஓய்வு பெற்றேன். பெரிய டாக்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஜீனத் இப்போது லேபுக்குத் தலைமை டெக்னீஷியன். கவிதா போன் செய்த மறுவாரம் எனக்கே கொலஸ்ட்ரால் பார்க்க எழுதிக் கொடுத்தார்கள். ஃபாஸ்டிங் வேண்டாம் என்றுதான் சீட்டில் இருந்தது. நான் ராத்திரி சாப்பாட்டை நேரத்தோடு முடித்து, காலையில் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனேன். பக்கத்து நாற்காலியில் ஒருவர் பூரிக்கிழங்கு ஏப்பம் விட்டுக்கொண்டே கையை நீட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது.

கவிதா எனக்கு இரண்டு தடவை குத்தினாள், கிடைக்கவில்லை. பிள்ளை முகம் வெளிறிப்போயிற்று. "தள்ளு" என்று ஜீனத் வந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷமும் என் கையை நான் அவளிடம் நீட்டியதே இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினேன்.

"வலிக்குதாக்கா?"

ஊசி உள்ளே போனதே எனக்குத் தெரியவில்லை. "வலிக்குதுட்டி" என்றேன்.

அவள் குழாயைக் கழற்றிப் பஞ்சை வைத்து அழுத்தினாள். பிறகு குனிந்துகொண்டே சொன்னாள். "போன வாரம் மீரான் வந்திருந்தாரு. இப்ப ஊரோட வந்துட்டாரு. நான் ஊசியோட நிக்கேன், உக்கார மாட்டேங்காரு. 'காபி குடிச்சீங்களான்னு கேப்பாங்களே, அந்த அக்கா எங்க? அவங்க கேட்டாத்தான் எனக்கு உண்மை வரும்'னு வாசலைப் பாத்துக்கிட்டே நிக்காரு. ரிட்டையர் ஆயிட்டாங்கன்னு சொன்னதும் முகம் வாடிப்போச்சு. நான் இவ்வளவு வருஷமா எடுக்கேன், ஒரு நல்ல சொல்லு சொன்னதில்ல எனக்கு."

அந்தக் குரல் எனக்கு ரொம்பப் பழக்கமான குரல். என் தொண்டையிலிருந்து வருகிற அதே குரல்.

பஞ்சை நான் பிடித்துக்கொண்டேன். "சும்மா சொன்னேன் ஜீனத்து. வலிக்கவே இல்லட்டி" என்றேன்.